எட்டுக் கை விருந்தாளி

தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கம். பூகோளப் பாடத்தில், நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று சொல்லிக் கொடுக்கும்போது நம் ஊரையே உதாரணமாகக் காட்டுவது நமது வழக்கம். பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள், ஆனாலும் அவர்கள் முகத்தில் ஒரு குறை தெரியும். தீவு என்றால் அலை வேண்டாமா? உப்புக் காற்று வேண்டாமா? சமுத்திரமோ நாகப்பட்டினத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 140 கிலோ மீட்டர் பிரயாணம் செய்தால்தான் அது கண்ணில் படும்.

இப்படிப்பட்ட ஊரில், உத்தர வீதியிலுள்ள ஒரு பழைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு சமுத்திரத்தை உண்டாக்க வேண்டும் என்று நம் மகளுக்கு ஆசை பிறந்தது. அந்தச் சமுத்திரத்தில் குடியிருக்க அவள் தேர்ந்தெடுத்த பிராணி ஆக்டோபஸ்!

இந்த ஆசைக்குக் காரணமாக இருந்தது 2024-ஆம் வருஷம் வெளிவந்த ஒரு செய்தி. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தில் ஒரு சிறுவன் வெகு நாளாக ஆக்டோபஸ் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தானாம். வீட்டார் ஒன்றை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, அதற்கு டெரன்ஸ் என்று ஆண் பிள்ளைப் பெயரும் சூட்டினார்கள். டெரன்ஸோ ஒரு நாள் முட்டையிட்டது. சுமார் ஐம்பது குஞ்சுகள் பொரித்தன. வீடு முழுவதும் ஆக்டோபஸ் குஞ்சுகளுக்குத் தொட்டி தேட வேண்டியதாயிற்று. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இதைவிட மனத்தைக் கவரும் செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

“ஏண்டி குழந்தே! பூனை வளர்ப்பார்கள், பசு வளர்த்தால் புண்ணியம் உண்டு. எட்டுக் கை உள்ள ஒன்றை யாராவது வீட்டில் வைத்துக்கொள்வார்களா?” என்று பாட்டி கேட்டாள்.

நாம் உபாத்தியாயர் அல்லவா? கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட மனம் வரவில்லை. “அந்தப் பிராணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொள், அதற்கு என்னென்ன வேண்டும் என்று கணக்கு எழுதிக் கொண்டுவா, பிறகு பார்க்கலாம்” என்றோம். பெற்றோர் பலரும் இதைத் தப்பித்துக்கொள்ளும் வழியாகவே கையாளுகிறார்கள். நம் மகள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

சங்கின் தாயாதி

ஆக்டோபஸ் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். அதன் குடும்பம் நமக்குப் புதிதல்ல. நம் கடற்கரை மீனவர்கள் அந்தக் குடும்பத்தைக் கணவாய் என்று அழைக்கிறார்கள். ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் என்று அதில் பல வகை உண்டு. பேய்க் கணவாய்தான் ஆக்டோபஸ். மீனே தின்னாத வீடுகளிலும் இந்தக் குடும்பத்தின் ஓர் அங்கம் இருக்கலாம். திருச்சி பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடையில் போய்க் ‘கடல் நுரை’ கேட்டால், வெள்ளையாக, லேசாக, தோணி வடிவத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அது நுரையும் அல்ல. மீன் முள்ளும் அல்ல. ஓட்டுக் கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு அது. நம் வீட்டுச் சிட்டுக் கூண்டில், அலகு தீட்டிக்கொள்வதற்காக வருஷக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது அதுவேதான்.

இந்த ஜந்து மீன் இனத்தைச் சேர்ந்ததல்ல. நத்தை, கிளிஞ்சல், சங்கு ஆகியவற்றோடு சேர்த்து இதை மெல்லுடலிகள் என்ற வகுப்பில் வைத்திருக்கிறார்கள். ஓட்டைத் துறந்துவிட்டு அறிவை வளர்த்துக்கொண்ட நத்தை என்று சொன்னாலும் பொருந்தும். நம் மகள் இந்தத் தகவலைப் பாட்டியிடம் வேறு விதமாகச் சமர்ப்பித்தாள்: “பாட்டி, பெருமாள் கையில் சங்கு இருக்கிறதே, அதற்கு இது தாயாதி முறை!”

பாட்டி சற்று யோசித்தாள். “தாயாதி என்றால் வீட்டுக்கு வெளியே இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது” என்றாள்.

நீல இரத்தம்

ஆக்டோபஸின் சரீரத்தை ஆராய்ந்தவர்கள் சொல்லும் விஷயங்கள் புராண வர்ணனைக்குச் சற்றும் குறைந்தவையல்ல. அதற்கு 3 இருதயங்கள். இரண்டு செவுள்களுக்கு இரத்தம் செலுத்துகின்றன. மூன்றாவது உடம்பு முழுவதற்கும் செலுத்துகிறது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்புச் சத்து. அதன் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது தாமிரம். ஆகையால் அந்த இரத்தம் நீல நிறம்.

நரம்பு அணுக்கள் சுமார் 50 கோடி. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை; கைகளில் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு கையும் ஓரளவுக்குத் தானே தேடித் தானே முடிவு செய்கிறது. கைகளில் வரிசையாக உள்ள உறிஞ்சிகள் பற்றிக்கொள்வதோடு நிற்பதில்லை. தொட்ட பொருளின் ருசியையும் அறிகின்றன. நம் விரலை அது பிடிக்கிறதென்றால் நம்மைச் சுவைத்துப் பார்க்கிறது என்று அர்த்தம்.

அதன் உடம்பில் எலும்பு என்பது கிடையாது. கிளி மூக்குப் போன்ற அலகு ஒன்றுதான் கெட்டியானது. அந்த அலகு நுழையும் சந்து இருந்தால் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். 2016-இல் நியூஸிலாந்தில் நேப்பியர் நகரத்து மீன் காட்சிசாலையிலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ், மூடியில் இருந்த சிறு இடைவெளி வழியாக இரவில் வெளியேறி, தரையைக் கடந்து, ஒரு வடிகால் குழாயில் புகுந்து கடலுக்கே போய்விட்டது. இந்தோனேஷியக் கடலில் ஒரு ஜாதி, மனிதர் எறிந்த கொட்டாங்கச்சிகளை வயிற்றுக்கடியில் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், ஆபத்து வரும்போது இரண்டு மூடிகளையும் சேர்த்து அதற்குள் ஒளிந்துகொள்வதை 2009-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். தேங்காய்த் துருவிய மூடியை நாம் அடுப்பில் போடுகிறோம். அது வீடு கட்டிக்கொள்கிறது!

மனிதரை அது இனங்கண்டுகொள்ளுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து மீன் காட்சிசாலையில் இதற்கு ஒரு பரிசோதனை நடத்தி 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி உடை தரித்த இருவரில் ஒருவர் தினந்தோறும் ஆகாரம் கொடுத்தார். மற்றவர் முள் போன்ற குச்சியால் தொட்டுத் தொந்தரவு செய்தார். இரண்டு வாரத்துக்குள் ஆக்டோபஸ்கள் ஆளைத் தெரிந்துகொண்டன. உணவளிப்பவரைக் கண்டால் நெருங்கி வரும். மற்றவரைக் கண்டால் விலகிப் போகும். அதே காட்சிசாலையில், மிதக்கும் காலி மருந்துப் புட்டியை நீர் பீய்ச்சித் தள்ளுவதும், அது சுற்றித் திரும்பி வந்ததும் மறுபடியும் தள்ளுவதுமாகச் சில ஆக்டோபஸ்கள் பந்து விளையாடியதை 1999-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். பசிக்காகவும் அல்ல, பயத்துக்காகவும் அல்ல. பொழுது போவதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

தொட்டி பிறந்த கதை

கண்ணாடித் தொட்டியே இந்த வம்சத்துக்காகப் பிறந்தது என்ற விஷயம் நமக்கு மிகுந்த ஆச்சரியத்தை அளித்தது. ழான் வீயெப்ரு-பவர் என்ற பிரெஞ்சு மாது முதலில் தையல் வேலை செய்து பிழைத்தவர். விவாகமானபின் ஸிஸிலித் தீவில் மெஸ்ஸினா நகரில் வசித்தார். அந்தக் கடலில் ஆர்கோநாட் என்ற ஒரு வகை ஆக்டோபஸ் உண்டு. அதன் பெண் இனத்துக்கு மாத்திரம் காகிதம் போன்ற மெல்லிய ஓடு இருக்கும். அது வேறு பிராணியிடமிருந்து திருடிய ஓடு என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் பலர் கருதினார்கள். அம்மாது 1832-இல் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்வித்து, அதில் ஆர்கோநாட்டுகளை உயிரோடு வைத்து நாள்தோறும் கவனித்தார். ஓடு அதன் சொந்தச் சம்பாத்தியமே. உடைந்தால் தானே செப்பனிட்டுக்கொள்கிறது என்று நிரூபித்தார்.

நம் ராஜதானியிலும் இந்தக் கலை பின்தங்கி நிற்கவில்லை. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-லேயே ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டு, இரண்டாவது உலக யுத்தத்தின்போது மூடப்பட்டது.

கணக்கு நோட்டு

பத்து நாளில் நம் மகள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதிலிருந்து சில வரிகளை இங்கே தருகிறோம். இந்த ஆசை வேறு வீடுகளிலும் தலைகாட்டினால் உபயோகப்படும்.

சிறிய ஜாதி ஆக்டோபஸ் ஒன்றுக்கே 200 லிட்டர் தொட்டி வேண்டும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே ஒரு முறை நிரப்புவதற்கு 7 கிலோ உப்பு. அதுவும் சமையல் உப்பு உதவாது. மக்னீஷியம், கால்ஷியம் முதலியவை சேர்ந்த செயற்கைக் கடலுப்பு வேண்டும். குழாய் நீரில் கலந்திருக்கும் குளோரின் விஷம். அதைப் போக்க வேண்டும்.

செம்புப் பாத்திரம் தொட்டியின் பக்கமே வரக்கூடாது. இதைப் படித்தபோது நாமே திடுக்கிட்டோம். தாமிரத்தை இரத்தத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு, நீரில் கரைந்த தாமிரம் சிறிதளவு இருந்தாலும் மரணம். பாட்டியின் செப்புக் குடம் சமையலறையை விட்டு நகரக்கூடாது என்று அன்றே சட்டம் பிறந்தது.

பிராணிகளின் கழிவிலிருந்து நீரில் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், வேறு வகைக் கிருமிகள் அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தக் கிருமிகள் தொட்டியில் குடியேறிப் பெருகப் பல வாரங்கள் பிடிக்கும். ஆக்டோபஸுக்கு மூன்று மாதமாவது பழகிய நீர் தேவை. புதிதாக நிரப்பிய தொட்டியில் அன்றைக்கே பிராணியை விடுவது, சுண்ணாம்பு ஈரம் உலராத வீட்டில் கைக்குழந்தையைக் கிடத்துவதற்குச் சமானம்.

மேலும், கத்திரி வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தொடும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். மின்சாரம் நின்றால் காற்றுப் பம்பும் நின்றுவிடும். மூடியின் மேல் கல் வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆகாரம். ஆக்டோபஸுக்கு நண்டு வேண்டும், இறால் வேண்டும், இயன்றவரை உயிரோடு வேண்டும். நமது வீடோ வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் வீடு. மீன் மார்க்கெட்டில் நண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உத்தர வீதியில் நடந்து வரும் நம் கோலத்தை மனத்தில் கற்பனை செய்து பார்த்தோம். பை அசையும், எதிர்வீட்டார் விசாரிப்பார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: “ஆயுள்: ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம்.”

அதைப் பற்றி அப்போது நாம் இருவரும் பேசவில்லை.

கணக்கு சரியாக இருந்தது. உபாத்தியாயர் தோற்றுப்போனார். பிறந்த நாட்களுக்கு வந்த பணத்தையெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்தாள்; குறைந்ததை நாம் போட்டோம். ஜூன் மாதம் தொட்டி வந்தது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் உப்பின் அளவைப் பார்ப்பாள். வாரந்தோறும் நீரைச் சோதித்து நோட்டில் குறிப்பாள். ஒரு பிராணியும் இல்லாத வெறும் தண்ணீரை மூன்று மாதம் அவள் வளர்த்தாள். செப்டம்பர் மாதக் கடைசியில் தண்ணீர் தயாராகிவிட்டது.

மண்டபம் கடற்கரையில்

காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் நாம் இருவரும் மண்டபத்துக்குப் புறப்பட்டோம். திருச்சியிலிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்று, பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று, ஐஸ் கட்டிப் பெட்டி ஒன்று, எல்லாம் கூடவே வந்தன.

மண்டபம் கடல் ஆராய்ச்சிக்குப் பெயர் போன ஊர். 1947-இல் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல வருஷ காலம் அங்கேதான் தலைமையிடம் வைத்திருந்தது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பிறகும், அதன் கிளை மண்டபத்தில் இருந்து வருகிறது. ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்கக்கூடாது. வடக்கே பாக் நீரிணை. நாம் வடக்குக் கரையில்தான் படகுகளுக்காகக் காத்திருந்தோம்.

விடியற்காலையில் வந்த ஒரு படகில், வலையிலிருந்து கழித்தவற்றோடு ஒரு பேய்க் கணவாய் உயிரோடு இருந்தது. மீனவர் அதைக் கடல் நீர் நிறைந்த வாளியில் விட்டு நம்மிடம் காட்டினார். விரித்த கையளவுதான் இருக்கும். வாளியின் அடியில் செம்பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. நம் நிழல் பட்டதும் வெளுத்தது. பிறகு புள்ளி புள்ளியாக நிறம் திரும்பிற்று. தோலில் உள்ள நுண்ணிய நிறப் பைகளை விரித்தும் சுருக்கியும் அது அப்படிச் செய்கிறது. இவ்வளவு வர்ண ஜாலம் செய்யும் அதன் கண்களில் ஒளியை உணரும் பொருள் ஒரே வகைதான் உண்டு. நம்மைப்போல் அது வர்ணங்களைப் பிரித்தறிவதில்லை என்றே விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

“தொடலாங்களா?” என்று நம் மகள் கேட்டாள்.

“இதைத் தொடலாம் பாப்பா. வாயிலே மட்டும் விரலை விட்டுடாதே” என்றார் மீனவர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆக்டோபஸ்களில் நீல வளையங்கள் மின்னும் ஒரு சிறு ஜாதி உண்டு. அதன் கடி மனிதனைக் கொல்லக்கூடியது. தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் எந்தக் கணவாயையும் குழந்தைகள் தொடவே கூடாது.

அவள் ஒரு விரலை நீரில் வைத்தாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு கை மாத்திரம் நீண்டு வந்து, நுனியால் தொட்டு, நகத்தைத் தடவி, மெதுவாக விரலைச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது கை மணிக்கட்டுவரை வந்தது. தண்ணீரில் கையை விட்டால் தானே கிட்ட வருகிறது, ஆகையால் இது முட்டாள் பிராணி என்று 2,300 வருஷங்களுக்கு முன் அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். அவர் எவ்வளவோ விஷயங்களைச் சரியாகக் கண்டவர். இதில் தவறிவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது. அந்தக் கண் நம் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“இதுக்கு என்ன வயசு இருக்கும்?” என்று கேட்டாள்.

“யாருக்குப் பாப்பா தெரியும்? முட்டை வைக்கிற பருவம் வந்தாப்பலே இருக்கு. அப்போ ஓடு, பானை, டப்பா எது கெடைச்சாலும் உள்ளே போய் உட்கார்ந்துக்கும்.”

நம் மகள் சும்மா இருந்தாள். அவளுடைய நோட்டில் இந்த விஷயமும் இருந்தது. பெண் ஆக்டோபஸ் வாழ்நாளில் ஒரே தடவைதான் முட்டையிடும். அதன்பின் ஆகாரத்தை அறவே விட்டு, முட்டைகளைத் தூசு படாமல் துடைத்து, அவற்றின்மேல் நீரை ஊதிக் காவல் இருக்கும். குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் தாய் மாண்டுபோகும். கண்களுக்கு அருகிலுள்ள ஒரு சுரப்பியே இதற்குக் காரணம் என்றும், அதை அகற்றினால் தாய் முட்டைகளை விட்டு விலகி, மறுபடி உண்டு, அதிக நாள் உயிர் வாழ்கிறது என்றும் 1977-இல் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்த் தொட்டிக்கு அது வந்து சேர்ந்தாலும், மிஞ்சியது சில மாதங்களாகவே இருக்கலாம்.

விரலை எடுக்காமலே அவள் நம்மை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, நம்ம ஸ்கூல் லாபிலே பாட்டிலுக்குள்ளே ஒரு ஆக்டோபஸ் இருக்கே, அந்த லேபிளிலே இருக்கிறது உங்க கையெழுத்துதானே?”

வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. அது நம் கையெழுத்துத்தான். இருபது வருஷங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சியில் மற்ற உபாத்தியாயர்கள் காட்டாத ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்று நமக்கு வெறி. நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு பேய்க் கணவாயை விலைக்கு வாங்கினோம். சாதாரண வாளியில் கடல் நீர் விட்டு, மேலே துணியைக் கட்டி, பஸ்ஸில் ஏறினோம். காற்றுப் பம்பு கிடையாது. மே மாத வெயில். பயத்தில் அது மையைக் கக்கிற்று; அந்த மை நீரிலேயே தங்கிற்று. வழியெல்லாம் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தோம். பார்க்கும்போதெல்லாம் அது ஒரு கையை நீட்டி வாளியின் விளிம்பைப் பிடித்தது. நாம் அதை உள்ளே தள்ளித் தள்ளி மூடினோம். தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் பார்த்தபோது கை நீளவில்லை. மறு நாள் பார்மலின் புட்டிக்குள் அது பிரவேசித்தது. கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. ‘ஆக்டோபஸ், எட்டுக் கைகள் உடையது’ என்று அழகான எழுத்தில் நாம் எழுதி ஒட்டினோம். வருஷந்தோறும் அதைக் காட்டிப் பாடம் நடத்தி வருகிறோம். எப்படி அது புட்டிக்கு வந்தது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

இவ்வளவையும் மண்டபம் கரையில் நின்றுகொண்டு அவளிடம் சொன்னோம். மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தூரம் உயிரோட வந்தது?” என்றாள்.

“தஞ்சாவூர் வரைக்கும்.”

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, ஒவ்வோர் உறிஞ்சியாகப் பதமாக விடுவித்து விரலை எடுத்துக்கொண்டாள். “அப்பா, இதை நாம வாங்கிடலாம். ஆனா ஊருக்கு வேண்டாம்” என்றாள்.

மீனவருக்கு அது விற்பனைச் சரக்கு. கணவாய் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. அவர் கேட்ட விலையைக் கொடுத்தோம். கொடுத்த பணத்தைக் கடலில் போடுகிறோமே என்று அவர் சிரித்தார். ஆனால் வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழம்வரை வந்தார். கவிழ்த்ததும் அது ஒரு கணம் மணலில் மணலாகக் கிடந்தது. அதன்பின் எங்கே போயிற்று என்று நம் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் அழுதாள். மூன்று மாதம் தண்ணீரை வளர்த்தவள் அழாமல் என்ன செய்வாள்?

பழகுவதும் வைத்திருப்பதும்

ஆக்டோபஸை அன்போடும் அறிவோடும் வளர்ப்பவர்கள் உலகில் இல்லாமலில்லை. அவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. தொட்டிகளில் அவற்றைப் பல காலம் கவனித்திராவிட்டால், வலி, விளையாட்டு, ஞாபகம் எல்லாம் அவற்றுக்கு உண்டென்று நாம் அறிந்திருக்கமாட்டோம். அந்த அறிவின் பயனாகத்தான் பிரிட்டனில் 2022-இல் இயற்றிய மிருக நலச் சட்டத்தில் ஆக்டோபஸ் இனமும் உணர்ச்சியுள்ள பிராணியாகச் சேர்க்கப்பட்டது.

ஆனால் பழகுவதற்கு, வீட்டில் வைத்திருப்பது ஒன்றுதான் வழியா? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் அருகே குளிர்ந்த கடலில், கிரெய்க் பாஸ்டர் என்பவர் ஏறக்குறைய ஒரு வருஷம் தினந்தோறும் மூழ்கி ஒரே ஆக்டோபஸைப் போய்ப் பார்த்து வந்தார். அது தன் பொந்திலிருந்து கை நீட்டி அவர் கையைப் பற்றியது. சுறா அதன் கையொன்றைக் கடித்ததையும், அந்தக் கை மீண்டும் முளைத்ததையும், கடைசியில் அது முட்டைகளைக் காத்து மாண்டதையும் அவர் பார்த்தார். 2020-இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு மறு வருஷம் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை; அதன் வீட்டுக்கு அவர் போனார்.

விருந்தாளி வராமற்போன தொட்டி இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. உப்பு நீரை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பி, பெயர் சொல்லத் தெரியாத சிறு மீன்கள் சிலவற்றை விட்டிருக்கிறோம். எட்டுக் கை வேண்டாம் என்று சொன்ன பாட்டிதான் காலையில் எழுந்ததும் முதலில் அவற்றுக்குப் பொரி தூவுகிறாள். செப்புக் குடத்தை மாத்திரம் நம் மகள் இன்னும் பக்கத்தில் கொண்டுவர விடுவதில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், நாம் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, பழைய புட்டியின் லேபிள் மாறியிருந்தது. நம்முடைய அழகான எழுத்துக்கு மேல், கொஞ்சம் கோணலான எழுத்தில் புதுக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது.

‘பேய்க் கணவாய். ஊர்: நாகப்பட்டினம். தஞ்சாவூர் வரை உயிரோடு இருந்தது.’

அதை நாம் கிழிக்கவில்லை. இந்த வருஷப் பாடத்தை அந்த மூன்று வரியிலிருந்துதான் தொடங்கினோம்.